வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு செவிலியர்

படிக்க வந்த இடத்திலேயே குழந்தையின் உடல்நலத்தைக் கவனித்து, அங்கேயே தீர்க்கக்கூடியதைத் தீர்த்து, தீராததை மருத்துவரிடமும் பெற்றோரிடமும் கொண்டு சேர்த்து, அந்தக் குழந்தை மறுநாள் வகுப்புக்கு வந்ததா என்பது வரை பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற செவிலியரே பள்ளிச் செவிலியர் எனப்படுகிறார். இந்த வரையறையின் கடைசிப் பகுதிதான் முதன்மையானது. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியும் புண்ணுக்குப் போடும் மருந்தும் எந்த ஊரிலும் கிடைத்துவிடும்; கண்டறிந்த குறை சரியாகும் வரை ஒரு குழந்தையை விடாமல் தொடர்ந்து செல்ல ஒருவர் வேண்டும், அவர் பள்ளிக்கென்றே நியமிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்ற எண்ணம் உருவாகிச் சுமார் 130 ஆண்டுகளே ஆகின்றன. அந்த எண்ணத்தை அரசு ஏற்கும் ஏற்பாடாக மாற்றியதில், நியூயார்க் நகரில் 1902ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் லினா ரோஜர்ஸ் என்ற ஒரே ஒரு செவிலியர் செய்து காட்டிய பணிக்குப் பெரும்பங்கு உண்டு.

இதற்குப் பத்தாண்டுகள் முன்னரே லண்டனில் முன்முயற்சி ஒன்று நடந்திருந்தது. ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று மருத்துவப் பணிவிடை செய்யும் செவிலியர் அமைப்பைச் சேர்ந்த ஏமி ஹியூஸ் என்பவர், 1892ஆம் ஆண்டு ட்ரூரி லேன் பகுதியிலிருந்த பள்ளி ஒன்றுக்குச் சென்று குழந்தைகளின் புண்களுக்கும் கண்நோய்களுக்கும் மருந்திட்டார். அங்கே வந்த பிள்ளைகளின் உபாதைகளில் பெரும்பகுதி, மருத்துவர் தேவைப்படும் அளவுக்குப் பெரியவை அல்ல, கவனிப்பாரின்றிப் பெரிதாகிக்கொண்டிருந்தவை. 1898இல் இதற்கெனத் தனிச் சங்கமும் அமைந்தது. ஆயினும் லண்டன் முயற்சி நெடுநாள் தனியார் அறப்பணியாகவே நீடித்தது. நகராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்குள் பள்ளிச் செவிலியர் நுழைந்த கதை நியூயார்க்கைச் சேர்ந்தது.

வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நியூயார்க்கின் கீழ்க்கிழக்குப் பகுதி, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும் இத்தாலியர்களும் பிற நாட்டவரும் ஒண்டுக்குடித்தனங்களில் நெருக்கியடித்து வாழ்ந்த இடமாக இருந்தது. காற்றும் வெளிச்சமும் எட்டாத உள்ளறைகள், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பிடம், தண்ணீரைச் சுமந்து ஏறவேண்டிய ஐந்தாறு மாடிகள், வீட்டுக்குள்ளேயே நடந்த தையல் வேலை ஆகியவை சேர்ந்த அந்தச் சூழலில், ஒரு குழந்தைக்கு வந்த தொற்று அடுத்த வீட்டுக் குழந்தைக்குப் போகாமல் இருப்பதற்கு வழியே இல்லை. இந்த நிலையை நேரில் கண்டு, 1893ஆம் ஆண்டு அங்கேயே குடியேறிய லில்லியன் வால்ட் என்ற இளம் செவிலியர், தம் தோழி மேரி ப்ரூஸ்டருடன் சேர்ந்து வீடு தேடிச் செல்லும் செவிலியர் குழு ஒன்றைத் தொடங்கினார். 1895இல் ஹென்றி தெருவின் 265ஆம் எண் வீட்டுக்கு இடம்பெயர்ந்த அந்தக் குழுவே ஹென்றி தெருச் சேவை இல்லம் எனப் பின்னர் புகழ்பெற்றது. மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே, மக்கள் வாழும் இடத்தில் நோய்த் தடுப்பையும் நோயாளி பராமரிப்பையும் ஒருங்கே மேற்கொள்பவரைக் குறிக்கும் ‘பொதுச் சுகாதாரச் செவிலியர்’ என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தவரும் வால்ட்தான்.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை பள்ளிக் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படவே இல்லை என்று கூற இயலாது. 1897ஆம் ஆண்டிலேயே 150 மருத்துவர்களைப் பள்ளிகளுக்கு நியமித்து, மாதம் 30 டாலர் ஊதியத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் குழந்தைகளைப் பார்வையிடும்படி அத்துறை பணித்திருந்தது. அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை எளியது: தொற்றுநோய் அறிகுறி தென்படும் குழந்தையைக் கண்டுபிடித்து வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிட வேண்டும். வெளியே போன குழந்தை எங்கே போகும், அதற்கு யார் மருந்திடுவார்கள், எப்போது திரும்பி வரும் என்பவற்றைக் கேட்கும் பொறுப்பு அந்தக் கட்டளைக்குள் யாருக்கும் இல்லை. வகுப்பறையில் எஞ்சியிருக்கும் குழந்தைகளைக் காப்பதுதான் நோக்கம் என்பதால், வெளியேற்றத்தோடு வேலை முடிந்ததாகவே கருதப்பட்டது.

வால்ட் தம் நூலில் பதிவு செய்திருக்கும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் நிலை இத்தகைய வெளியேற்றத்தின் குறையை நன்கு காட்டுகிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இறைச்சிக் கடைக்காரர்களின் மேலாடைகளைக் கூலிக்குத் துவைத்துப் பிழைத்த ஒரு தாயின் மகன் அவன். தலையில் ஆறாத புண் இருந்ததால் எந்தப் பள்ளியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. போகும்போதெல்லாம் ஆசிரியர் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னார். தெருவிளக்குக் கம்பத்தில் எழுதியிருக்கும் தெருப்பெயரைக்கூடத் தன்னால் படிக்க முடியவில்லையே என்று அவன் வெட்கப்பட்டான். இலவச மருந்தகத்துக்கும் அவன் பலமுறை போய் வந்திருந்தான். அங்கே கொடுத்த களிம்பும் வீட்டில் இருந்தது. அதைச் சரியான முறையில், விடாமல், நாள்தோறும் தடவிவிட அறிந்த ஒரு கைதான் இல்லை. வால்ட் அந்தக் களிம்பையே ஒழுங்காகத் தடவிப் புண்ணை ஆற்றினார். செப்டம்பர் மாதம் பள்ளியில் சேர்ந்த சிறுவன், மறுநாள் மதிய இடைவேளையில் ஐந்து மாடிப் படிகளையும் ஓடி ஏறி வந்து, அன்று காலை கற்ற சொற்களை அவரிடம் எழுத்துக்கூட்டிச் சொல்லிக் காட்டினான். அவனிடமிருந்து பள்ளி ஆண்டுகளைப் பறித்தது மருத்துவத்தின் இயலாமையோ மருந்தின் பற்றாக்குறையோ அல்ல என்பதே இந்த நிகழ்வில் மனத்தை உறுத்துவதாகும்.

1902இல் சீர்திருத்த எண்ணம் கொண்ட நகர நிர்வாகம் பொறுப்பேற்றபோது, மருத்துவர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஊதியத்தை 100 டாலராக உயர்த்தி, நாளொன்றுக்கு மூன்று மணி நேரப் பணியைக் கோரியது. அனைத்துப் பள்ளிக் குழந்தைகளையும் பரிசோதிக்கச் சுகாதார ஆணையர் ஆணையிட்டார். பரிசோதனை கண்டிப்பானதும், டிரக்கோமா எவ்வளவு பரவியிருக்கிறது என்று நகரமே திடுக்கிட்டது. கண்ணிமையின் உட்பகுதியைச் சொரசொரப்பாக்கி, தொற்று திரும்பத் திரும்ப வரும்போது இமையை உட்புறமாகச் சுருக்கி, இமைமயிர்கள் கருவிழியை உரசி உரசிப் பார்வையைப் பறிக்கும் நோய் டிரக்கோமா. இந்த நோய்க்காகவும், தலைப்பேன், படர்தாமரை, சொறிசிரங்கு போன்ற சில்லறைத் தொற்றுகளுக்காகவும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள், இடைவேளையில் வெளியே வந்த அதே வகுப்புத் தோழர்களோடு தெருவில் சேர்ந்து விளையாடியதை ஹென்றி தெருச் செவிலியர்கள் கண்ணெதிரே கண்டனர். பரிசோதனை கடுமையாக ஆக, வகுப்பறைகள் காலியாயின, தொற்றோ குறைந்தபாடில்லை.

சன்னல் விளிம்பில் நடந்த வைத்தியம்

மருத்துவரோடு ஒரு செவிலியரையும் சேர்த்தால் குழந்தைகள் பள்ளியை இழக்க வேண்டியதில்லை என்பதைத் தம் குழு செய்து காட்டும் என்று வால்ட் நகர நிர்வாகத்திடம் தெரிவித்தார். அதற்கு அவர் விதித்த நிபந்தனை தொலைநோக்குடையது. சோதனைக் காலத்துச் செலவைச் சேவை இல்லம் ஏற்கும்; சோதனை வெற்றி பெற்றால், மருத்துவருக்குத் தருவதுபோல் செவிலியருக்கும் பொதுப்பணத்திலிருந்து ஊதியம் தருவதற்கு அதிகாரிகள் தம் செல்வாக்கைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் முன்கூட்டியே வாக்குறுதி பெற்றுக்கொண்டார். ஏழைக் குழந்தையின் உடல்நலம் கொடையாளரின் நல்ல மனத்தை நம்பி இருக்கக் கூடாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

நோய் காரணமாக மிகுதியான குழந்தைகளை வெளியேற்றியிருந்த நான்கு பள்ளிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவற்றுக்கு அனுப்பப்பட்ட லினா ரோஜர்ஸ் கனடா நாட்டவர். டொரன்டோ நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பயின்று 1894இல் பட்டயம் பெற்றவர். அவருக்கென்று தனி அறை எதுவும் இல்லை. சில பள்ளிகளில் சன்னல் விளிம்போ அறையின் ஒரு மூலையோதான் அவருடைய மருத்துவ அறை. வீடு வீடாகச் செல்லும்போது தூக்கிச் செல்லும் பைதான் அவருடைய முழு உபகரணம்.

அந்த மூலையில் நடந்த வைத்தியம் எவ்வளவு எளியது என்பதை அக்காலத்து நியூயார்க் சுகாதாரத் துறையின் நடைமுறைகள் காட்டுகின்றன. தலைப்பேனுக்கு மண்ணெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சமபங்கு கலந்து தலை நனையத் தடவி, மறுநாள் சோப்பு போட்டுக் கழுவி, முடியோடு ஒட்டியிருக்கும் ஈர்களைச் சூடான வினிகர் தேய்த்து நீக்கினர். முகத்திலுள்ள படர்தாமரையைப் பச்சைச் சோப்புக் கரைசலால் தேய்த்துக் கழுவி, அதன்மேல் கொலோடியன் பூசினர். கொலோடியன் என்பது காய்ந்ததும் மெல்லிய தோல்போல் படிந்து புண்ணை மூடிக்கொள்ளும் ஒரு திரவம், ஆகவே அது பூசப்பட்ட குழந்தை பக்கத்திலிருப்பவருக்குத் தொற்றைத் தராமல் அன்றே வகுப்பில் உட்காரலாம். சொறிக்குக் கந்தகக் களிம்பு. சிவந்த கண்ணுக்குப் போரிக் அமிலக் கரைசலால் கழுவல். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களே பிடித்தன. முன்பு வாரக்கணக்கில் தெருவில் நின்ற குழந்தை, இப்போது ஒரு பாடவேளைக்குள் தன் இடத்துக்குத் திரும்பியது.

இந்தப் பணியின் நுண்மையை உணர்த்தும் ஓர் ஏற்பாட்டைத் தனியே எடுத்துக்கூற வேண்டும். மருத்துவர் தினமும் பார்த்துவிட்டுச் செவிலியரிடம் அனுப்பும் குழந்தையின் குறிப்பில் நோயின் பெயர் எழுதப்படவில்லை. அதற்குப் பதிலாகக் குறியீடுகள் பயன்படுத்தப்பட்டன. பேன் என்றோ சொறி என்றோ எழுதிய சீட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வகுப்பின் நடுவே எழுந்து நடப்பது பத்து வயதுக் குழந்தைக்கு எத்தகைய அவமானம் என்பதை அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் எண்ணிப் பார்த்திருந்தனர். அழுக்கினால் வரும் நோய் என்று ஊரார் ஏளனம் செய்யும் நோய்களே அந்தப் பகுதியில் மிகுதி. அழுக்குக்குக் காரணம் தண்ணீரில்லாத வீடு என்பதை ஏளனம் செய்பவர் எண்ணுவதில்லை. சீட்டில் ஒரு சொல்லை மறைத்ததனால் அரசுக்கு ஒரு காசும் செலவாகவில்லை. குழந்தையின் மானம் காப்பாற்றப்பட்டது. பரிவு என்பது இத்துறையில் இவ்வாறு நடைமுறையாகவே வகுக்கப்பட வேண்டியது. செவிலியரின் அன்றைய மனநிலையை அது சார்ந்திருக்கக் கூடாது.

பள்ளி மணி அடித்த பிறகு பணியின் மறுபாதி தொடங்கியது. கடுமையான நோயுள்ள குழந்தையின் வீட்டுக்கு ரோஜர்ஸ் நேரில் சென்று, மருத்துவர் சொன்னதைத் தாய்க்கு விளக்கினார்; குடும்ப மருத்துவர் இருந்தால் அவரிடம் அழைத்துச் செல்லச் சொன்னார்; அதற்கு வசதியற்றவர்களுக்கு இலவச மருந்தகம் எங்கே இருக்கிறது என்பதைச் சொன்னார்; தாய் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் குழந்தையை அவரே மருந்தகத்துக்கு அழைத்துச் சென்றார். தலையை எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்வதோடு நில்லாமல், தேவைப்பட்ட வீடுகளில் அந்தக் குழந்தையின் தலையையே தாயின் முன் கழுவிக் காட்டினார். ஆங்கிலம் தெரியாத வீடுகளில், கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த வழியும் இல்லை. முதல் மாதத்தில் அவர் சிகிச்சையளித்த மாணவர்கள் 893 பேர். சென்று வந்த வீடுகள் 137. அந்தப் பகுதியின் மாடிப் படிகளையும் அவற்றில் ஏறவேண்டிய உயரத்தையும் மனத்தில் கொண்டு பார்த்தால்தான் இரண்டாவது எண்ணின் பொருள் விளங்கும்.

சோதனை மாதம் முடிந்தபோது, பள்ளி மருத்துவப் பரிசோதனையின் நோக்கமே தலைகீழாக மாறியிருந்தது. குழந்தையை வெளியே அனுப்புவதற்காக இருந்த பரிசோதனை, குழந்தையை வகுப்பிலேயே வைத்துக் குணப்படுத்துவதற்கு உரியதாயிற்று. நகரத்தின் நிதி ஒதுக்கீட்டு வாரியம் பள்ளிச் செவிலியர்களுக்கென 30,000 டாலர் அளித்தது. மேலும் செவிலியர்கள் நியமிக்கப்பட்டனர். 1902 செப்டம்பர் மாதத்தில் 10,567ஆக இருந்த வெளியேற்றங்கள், 1903 செப்டம்பரில் 1,101ஆகக் குறைந்தன. பத்தில் ஒன்பது குழந்தைகளை வெளியேற்றத் தேவையே இருந்ததில்லை என்பதுதான் இந்த இரண்டு எண்களும் சேர்ந்து தரும் தீர்ப்பு.

வீட்டுக்குச் சென்று விளக்கும் வேலை எவ்வளவு இன்றியமையாதது என்பதை அதே பகுதியில் 1906 சூன் மாதம் நடந்த கலவரம் வேறொரு திசையிலிருந்து உறுதிப்படுத்தியது. மூக்கின் பின்பகுதியில் வளர்ந்து மூச்சை அடைக்கும் அடினாய்டு என்னும் திசுவைப் பள்ளிக் குழந்தைகளுக்கு அறுவை செய்து அகற்றும் ஏற்பாடு நடந்தது. வாயிலிருந்து இரத்தம் வழிய வீடு திரும்பிய பிள்ளைகளைக் கண்டு, மருத்துவர்கள் குழந்தைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்ற வதந்தி பரவியது. நூற்றுக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டுக் கதவுகளையும் சன்னல்களையும் தாக்கினர். தாம் பிறந்த நாட்டில் யூதர்களுக்கு எதிரான படுகொலைகளைக் கண்டு தப்பி வந்த பெண்கள் அவர்களுள் பலர்; சீருடையணிந்த அதிகாரியை நம்ப அவர்களுக்குக் காரணம் இருந்ததில்லை. அந்த அறுவை தேவைதானா என்பது வேறு விவாதம். தாயோடு அமர்ந்து அவள் மொழியில் பேசி ஒப்புதல் பெறாத மருத்துவம், நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும், தாயின் கண்ணுக்கு வன்முறையாகவே தெரியும் என்பதை அந்தக் கலவரம் காட்டியது.

ரோஜர்ஸ் 1910இல் டொரன்டோவுக்குத் திரும்பி அந்நகரப் பள்ளிச் செவிலியர் பணியைத் தலைமையேற்று அமைத்தார். 1917இல் பள்ளிச் செவிலியர் பணி பற்றிய நூலொன்றையும் வெளியிட்டார். முன்முயற்சி நடந்த இங்கிலாந்திலும் 1907ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளிக் குழந்தைகளின் மருத்துவப் பரிசோதனையைக் கல்வி நிர்வாகத்தின் கடமையாக்கியது.

நோய்கள் மாறின, பணி மாறவில்லை

பேனும் சிரங்கும் ஆண்ட இடத்தை இன்று நெடுநாள் நோய்கள் பிடித்திருக்கின்றன. உடலே இன்சுலின் சுரக்க இயலாத முதல் வகை நீரிழிவு, மூச்சுக்குழல் சுருங்கும் ஆஸ்துமா, வலிப்பு, வேர்க்கடலை போன்ற உணவுகளால் உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை ஆகியவற்றோடு குழந்தைகள் பள்ளிக்கு வருகின்றனர். முன்பெல்லாம் இத்தகைய குழந்தைகள் பள்ளிக்கே வந்திருக்க மாட்டார்கள், அல்லது உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள். மருத்துவத்தின் வெற்றிதான் பள்ளிச் செவிலியரின் பொறுப்பைக் கூட்டியிருக்கிறது.

முதல் வகை நீரிழிவுள்ள குழந்தை ஒன்றை எடுத்துக்கொண்டால், விளையாட்டு வேளைக்குப் பின் அது வழக்கத்துக்கு மாறாக எரிந்து விழுவதையும், நெற்றி வியர்ப்பதையும், எழுத்துக் கோணுவதையும் ஆசிரியர் ஒழுங்கின்மை என்று எண்ணக்கூடும். பயின்ற செவிலியர் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருப்பதைக் கண்டு, 15 கிராம் அளவுக்குச் சர்க்கரையோ பழச்சாறோ கொடுத்து, 15 நிமிடங்கள் பக்கத்திலேயே இருந்து மீண்டும் சோதிக்கிறார். அந்தக் கால்மணி நேரம் கவனிக்கப்படாமல் போனால் குழந்தை மயங்கி விழலாம், வலிப்பும் வரலாம். இதைப் போலவே, வாரந்தோறும் திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்று வந்து நிற்கும் பிள்ளையிடம் செவிலியர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் மருந்தைப் பற்றியதாக இருப்பதில்லை. காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதாக இருக்கிறது. விடுமுறை நாள்களில் பள்ளி உணவு கிடைக்காத வீட்டின் பசியும், வகுப்பில் துன்புறுத்தும் சக மாணவனின் மீதான அச்சமும், வெளியே சொல்ல இயலாத கொடுமைகளும் குழந்தையின் வாயில் வயிற்றுவலியாகவே வெளிப்படுகின்றன. மதிப்பெண் போடாத, தண்டிக்காத ஒரே பெரியவர் பள்ளியில் அவர்தான் என்பதால் பிள்ளைகள் அவரிடம் வாய் திறக்கின்றனர்.

உடற்குறை கடுமையாக உள்ள குழந்தைகளின் கல்வி உரிமையும் இப்பணியையே சார்ந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே செயலிழந்து, மூச்சுக்கருவியின் துணையோடு வாழ்ந்த ஒரு மாணவன் வகுப்பில் அமர்ந்து படிப்பதற்குத் தேவையான முழுநேரச் செவிலியர் உதவியைப் பள்ளி நிர்வாகம் தர வேண்டுமா என்ற வழக்கு, ஐயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் நகரிலிருந்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. செலவு மிகுதி என்று நிர்வாகம் வாதிட்டது. 1999 மார்ச்சில் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் மாணவன் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த மாணவனுக்குப் பாடநூலைப் போலவே செவிலியரும் கல்விக்கான தேவை என்பது இத்தீர்ப்பின் சாரம்.

பள்ளிச் செவிலியரின் கண்கள் ஒரு நகரத்துக்கே காவலாக அமைந்த நிகழ்வும் உண்டு. 2009 ஏப்ரல் 23 அன்று நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் பிரெபரேட்டரி பள்ளியில், நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் காய்ச்சலும் தொண்டை வலியுமாக மருத்துவ அறைக்கு வந்துகொண்டே இருந்தனர். பருவக் காய்ச்சல் ஓய்ந்திருக்க வேண்டிய மாதத்தில் இவ்வளவு பேரா என்று ஐயுற்ற செவிலியர் மேரி பாப்பஸ், மாணவர்களின் வெப்பநிலையைச் சோதித்து வீட்டுக்கு அனுப்பியதோடு, நகரச் சுகாதாரத் துறைக்கும் உடனே தெரிவித்தார். நியூயார்க்கில் எச்1என்1 பன்றிக்காய்ச்சல் பரவியிருந்தது அதன் வழியாகவே வெளிப்பட்டது. ஆய்வகம் உறுதிசெய்வதற்கு முன்பே நோயை உணர்ந்தது, நாள்தோறும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியிருந்த கண்தான்.

பணக் கணக்கில் மட்டும் நம்பிக்கை வைப்பவர்களுக்கும் விடை உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2009-10 கல்வியாண்டின் பள்ளிச் செவிலியர் திட்டத்தை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் சமூகத்துக்கு 2.20 டாலர் மிச்சமாவதாகக் கணக்கிட்டது. மருத்துவச் செலவு குறைவது அதில் சிறுபகுதியே; பெற்றோர் வேலையை விட்டு ஓடிவர வேண்டியிராததும், எல்லாவற்றுக்கும் மேலாக, ஆசிரியர்கள் பாடத்தை நிறுத்திவிட்டு மருத்துவப் பணி பார்க்க வேண்டியிராததும்தான் பெரும்பகுதி. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு முழுநேரச் செவிலியர் வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. அக்காலத்தில் எடுக்கப்பட்ட நாடு தழுவிய கணக்கெடுப்பிலோ, ஏறத்தாழ நான்கில் ஒரு பள்ளிக்குச் செவிலியரே இல்லை. வழியைக் காட்டிய நாடே அதை முழுமையாகப் பின்பற்றவில்லை என்பது வருந்தத்தக்கது.

இந்தியாவில் பள்ளிக் குழந்தைகளின் மருத்துவப் பரிசோதனை 1909இல் பரோடா நகரில் தொடங்கியது. நாடு விடுதலை பெறுவதற்கு முன் 1946இல் அறிக்கை அளித்த, போர் என்பவரின் தலைமையிலான சுகாதார ஆய்வுக் குழு, பள்ளி மருத்துவப் பணி என்ற ஒன்று நடைமுறையில் இல்லை என்றே குறிப்பிட்டது. 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, இரு மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் கொண்ட நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் சென்று, பிறவிக் குறை, நோய், சத்துக் குறை, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிகிறது. இதயக் குறையோடு பிறந்த குழந்தைகளும் காது கேளாத குழந்தைகளும் இத்திட்டத்தால் அறுவை சிகிச்சை வரை கொண்டு செல்லப்படுவது பெருமைக்குரியது. ஆயினும் ஆண்டில் ஒரு நாள் வரும் குழு, மீதி நாள்களில் அந்தப் பள்ளியில் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியருக்கோ, சமவெளியில் சுமார் 5,000 மக்களின் கர்ப்பிணிகள், பிரசவித்த தாய்மார்கள், கைக்குழந்தைகள் ஆகியோரைப் பார்க்கவே நாள் போதுவதில்லை. ஆகவே வாரம் ஒரு நாள் கொடுக்க வேண்டிய நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும், மயங்கி விழும் மாணவியும், முதல் மாதவிடாயில் அஞ்சி அழும் சிறுமியும் ஆசிரியரின் பொறுப்பிலேயே விடப்படுகின்றனர். ஆசிரியர்களிடம் மனமுண்டு, மருத்துவப் பயிற்சியும் நேரமும் இல்லை.

எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நாளில் செவிலியரை நியமிக்க எந்த மாநிலத்தாலும் இயலாது என்பது உண்மையே. மாணவர் வருகைப் பதிவு இன்று தமிழ்நாட்டில் கணினியில் ஏறியிருப்பதால், உடல்நலக் குறைவால் மிகுதியான பிள்ளைகள் வராத பள்ளிகள் எவை என்பதை விசாரித்து அறிவது கடினமல்ல. அத்தகைய நான்கைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு செவிலியர் என்று ஒவ்வோர் ஒன்றியத்திலும் தொடங்கலாம். அவர் தொகுப்பூதியத்தில் ஓராண்டு வந்து போகும் ஒப்பந்தப் பணியாளராக இல்லாமல், முறையான ஊதியத்தோடு கூடிய அரசுப் பணியிடத்தில் அமர்த்தப்பட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோருக்கு இடமிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கையைத் தீர்மானமாக எழுதி மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புமாறு பெற்றோர்களைக் கேட்டுக்கொள்வது பொருத்தமாகும்.